கரி பிடிக்காத சக்கரம்

அத்தியாயம் 6

"பிரேக்கைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"மிதிச்சா வண்டி நிக்கோணும்னு தெரியுங்க."

"அது போதும். மீதியை நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

பிரபாகர் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நானூறு பேர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் முதலாளி. பேசும்போது யாராவது குறிப்பெடுத்தால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

எதிரே உட்கார்ந்திருந்த தமிழ்மதி நோட்டைத் திறந்தார். வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனிகளில் துணியில் ஓட்டை தேடியவர். இப்போது துப்பறியும் ஏஜென்சி வைத்து மனிதர்களிடம் தேடுகிறார். ஓட்டை எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பார்.

"எழுதுங்க. விபத்துக்குக் காரணம் டிரைவர் சந்தனம்."

"விசாரிக்கறதுக்கு முன்னாடியேங்களா?"

"விசாரிங்க, வேண்டாங்கலை. விசாரிச்சுட்டு இதை எழுதுங்க."

"பாதி வேலை மிச்சம்க்கா" என்றான் பக்கத்தில் இருந்த வீரணன். தமிழ்மதியின் உதவியாளன். உசிலம்பட்டிக்காரன். திருப்பூருக்கு டெய்லராக வந்து, கையைவிட வாய் வேகமாக ஓடுகிறது என்று மூன்று கம்பெனியில் அனுப்பப்பட்டவன். "இப்படி எல்லாக் கேசும் முடிவோட வந்தா நாம கதவைக்கூடத் திறக்க வேணாம்."

பிரபாகர் அவனைப் பார்க்காமல் தொடர்ந்தார்.

"என்ற அப்பா வாங்கின அம்பாசடருங்க. அறுபத்தெட்டு மாடல். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதாவது சக்கரத்துக்குள்ள ஒரு டப்பா, டப்பாவுக்குள்ள ரெண்டு கட்டை. மிதிச்சா கட்டை டப்பாவை உரசும். மலை இறக்கத்துல சூடேறிப்போச்சுன்னா பிடிக்காது. அதனாலதான் போன மாசம் பத்தாம் தேதி முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் மாத்தினேன். டிஸ்க்னா தட்டு. காத்தாட வெளியில இருக்கும். சூடேறாது. கழுத்தைப் பிடிச்சாப்ல நிக்கும்."

"மாத்தினது யாருங்க?"

"முருகேஷ். காங்கேயம் ரோட்டுல இருக்கறான். பழைய காருக்கு அவனை விட்டா ஆள் இல்லை."

"புதன்கிழமை என்ன நடந்துச்சுங்க?"

"என்ற மாமியார் சென்னிமலைக்குச் சாமி கும்பிடப் போனாங்க. இறங்கறப்ப வளைவுல வண்டி நிக்காம பாறையில முட்டிருச்சு. அத்தைக்குக் காறை எலும்பு முறிஞ்சுபோச்சு. இவனுக்குக் கை."

"பாறை ஒரு பக்கம்னா இன்னொரு பக்கம் என்னங்க?"

"பள்ளம்."

"பிரேக் பிடிக்காத வண்டியைப் பள்ளத்துல விடாம பாறைப் பக்கம் ஒடிச்சிருக்கார்" என்றார் தமிழ்மதி.

"குடிகாரனுக்கு நல்ல நிதானம்" என்றான் வீரணன்.

"குடிச்சிருந்தான். நியூட்ரல்ல விட்டிருந்தான். டிஸ்க் பிரேக் பிடிக்காமப் போறதுக்கு வாய்ப்பே இல்லை."

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களா?"

"இல்லை."

"அது வசதி சார். எடுத்திருந்தா குடிச்சார்னு சொல்ல முடியாமப் போயிருக்கும்."

"வீரணா" என்றார் தமிழ்மதி. அது கண்டிப்பு அல்ல, நிறுத்தற்குறி.

பிரபாகர் டைப் செய்த ஒரு தாளை மேஜையில் தள்ளினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிய புகார். 'குடிபோதையில் அஜாக்கிரதையாக ஓட்டி' என்ற வரியின் கீழே பேனாவால் இரண்டு கோடு.

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறேன். கூடவே உங்க ரிப்போர்ட்டும் இருந்தா இன்சூரன்ஸ்காரங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

"இத்தனை ஏஜென்சி இருக்கறப்ப என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"நீங்க மாப்பிள்ளை விசாரிக்கறதுல கெட்டிக்காரியாமா. குடிக்கறவனைப் பார்த்ததும் சொல்லிருவீங்கன்னாங்க."

அதாவது, பிரேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் என்றும் சொல்லியிருப்பார்கள். தமிழ்மதி நோட்டை மூடினார். மேஜையின் ஓரத்தில் முழங்கை உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, பாதி பாலித்தீன் உறை கழற்றாமல் நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் நடந்த பழைய கார் கண்காட்சியில் இதே வண்டி வாங்கியது. அதன் வயிற்றில் பொறித்திருந்ததை அவர் ஒருமுறை படித்தார். 'அசல் மாறாத கார். முதல் பரிசு.'

"அழகா இருக்குதுங்க" என்றார்.

"தொடாதீங்க. ரேகை படும்."

*

மண்ணரை என்ற பகுதியில், வரிசை வீடுகளில் கடைசி வீடு. சந்தனம் இடது கையில் மாவுக்கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. குடிப்பீங்களா?"

"மோரு இருக்குதுங்க அம்மணி. எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"

"நான் அதைக் கேக்கலீங்க."

சந்தனத்துக்கு அறுபது நெருங்குகிறது. கேள்வி புரிந்ததும் முகம் சுருங்கியது.

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒருக்கா குடிச்சனுங்க. ஒத்துக்கலை. வாந்தியெடுத்தேன். அப்பவும் வண்டிக்கு வெளியில தலையை நீட்டித்தானுங்க எடுத்தேன்."

"இதுதான்க்கா டிரைவர்" என்றான் வீரணன்.

"கேஸ் குடுக்கப் போறாருன்னு சொன்னாங்க" என்றார் சந்தனம். "குடுத்தா லைசென்ஸ் போயிருங்க. வண்டியை விட்டா எனக்கு வேறொண்ணும் தெரியாது. அதுகூடக் கிடக்குதுங்க. என்ற பொண்ணு அன்புசெல்வி அதே கம்பெனியிலதான் செக்கிங்ல நிக்குது. நான் குடிச்சுட்டு ஓட்டினேன்னு முதலாளி செக்கிங் ஹால்ல வெச்சே சொன்னாருங்களாமா, மூணு நாளாச் சோறு கொண்டுபோகலைங்க. டிபனைத் திறந்தா பக்கத்துல இருக்கறவிய, 'உங்கப்பன் என்ன பிராண்டு கண்ணு?'ன்னு கேக்கறாங்களாமா. போறப்ப ஒண்ணு மட்டும் கேட்டுது. 'குடிக்கலைதானப்பா?'ன்னு. அது கேக்கலாங்களா?"

தமிழ்மதி நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"மலை இறக்கத்துல எப்படி இறக்கினீங்க?"

"எப்பவும் ரெண்டாவது கியர்ல போட்டுத்தானுங்க இறக்குவேன். டிஸ்க் போட்டதுக்கு அப்பறம் முதலாளிதான் சொன்னாரு. 'இனி எதுக்கு வண்டியை உறும வுடறே, அத்தைக்குத் தலைவலி வருதாமா, பிரேக்குலயே இறக்கு'ன்னாரு. பத்து நாளைக்கு முன்னாடிகூட அதே மலையில அப்படித்தான் இறக்கினேன். கம்முனு நின்னுதுங்க. புதன்கிழமை மூணாவது வளைவுக்கு அப்பறம் பெடல் தரையில போய் உட்கார்ந்துக்கிச்சு."

"அன்னைக்குத்தான் முதல் தடவையா?"

"திங்கக்கிழமை எடுத்தப்பவே பெடல் ஒரு மாதிரி இருந்துச்சுங்க. முன்ன மாதிரி கப்புனு பிடிக்கலை. முதலாளிகிட்டச் சொன்னேன். கண்காட்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை முருகேஷ்கிட்ட பாலீஷுக்கு விட்டிருந்தாங்க, அதுல ஏதோ செட் ஆகோணும், தானாச் சரியாயிரும்னாரு."

தமிழ்மதி அதைக் குறித்துக்கொண்டார்.

"டிஸ்க் மாத்தினதுக்கு அப்பறம் வண்டியில வேற என்ன வித்தியாசம்?"

"வேலை கூடிப்போச்சுங்க. முன்வீல் ரெண்டும் நாள் தவறாம கரி பூசினாப்ல ஆயிரும். பிரேக் கட்டை தேயற தூளுங்க. டிரம்முன்னா அது டப்பாவுக்குள்ளயே கிடக்கும். டிஸ்க்ல வெளிய பறந்து வீல்ல ஒட்டிக்கும். காலைல முதலாளியைக் கம்பெனியில இறக்கிவிட்டுட்டு, வீலுக்குன்னே ஒரு துணி எடுத்துத் துடைப்பேன்."

"எந்தத் துணி?"

"பனியன் வேஸ்ட்தானுங்க. கட்டிங் டேபிளுக்கு அடியில வெட்டின துண்டு கிடக்கும். அன்னன்னிக்கு ஒண்ணு."

"துடைச்ச துணி?"

"கம்பெனிக்குள்ள எண்ணெய்த் துணி கிடந்தா ஆடிட்டுக்கு வர்ற வெள்ளைக்காரங்க சத்தம் போடுவாங்கன்னு, டிக்கியில ஒரு சாக்குல திணிச்சு வெச்சிருவேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கொண்டுபோய்க் கொட்டறது."

"சாக்கு இப்ப எங்கீங்க?"

"வண்டியிலதானுங்க இருக்கும்."

தமிழ்மதி எழுந்துவிட்டார். மோர் வருவதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

"மோரையாவது குடிச்சிருக்கலாம்க்கா."

"பிராண்டு என்னன்னு கேப்பாங்க. ஏறு."

*

பட்டறை என்று சொன்னால் முருகேஷுக்குக் கோபம் வரும். ஸ்டூடியோ. தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கையில் ஸ்பேனருக்குப் பதில் செல்போன். அம்பாசடர் மூக்கு நசுங்கி, முன்சக்கரம் இரண்டும் கழற்றிய நிலையில் முட்டுக்கட்டை மேல் நின்றது.

"பாருங்க மேடம். முன்னாடி ரெண்டும் டிஸ்க். பிந்தின மாடல் வண்டியோட செட்டு. தொட்டுப் பாருங்க."

வீரணன் தட்டைத் தொட்டு விரலைப் பார்த்தான்.

"ஒரு மாசம் ஓடின தட்டாண்ணே இது? எங்க வீட்டு இட்லித் தட்டுலகூட இதைவிட அழுக்கு இருக்கும்."

"வாஷ் பண்ணியிருக்கேன்."

"ஆக்சிடெண்ட் ஆன வண்டியை எதுக்குங்க கழுவினீங்க?" என்றார் தமிழ்மதி.

"வீடியோவுக்கு மேடம். அழுக்கா போட்டா லைக் வராது."

"வாஸ்தவம்தானுங்க. பழைய டிரம்மை எங்க வெச்சிருக்கீங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

"எப்பங்க?"

"நேத்து."

சொல்லி முடித்த பிறகுதான் முருகேஷுக்குக் காது கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"போன மாசம் பத்தாம் தேதி கழட்டினதை நேத்துதான் போட்டீங்களா?"

"இடம் அடைச்சுட்டுக் கிடந்துச்சு. அதான்."

"இருக்கட்டுங்க. டிக்கியில டிரைவரோட அழுக்குச் சாக்கு ஒண்ணு இருக்குதாமா. எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

முருகேஷ் சிரித்தான். ஆபத்து நகர்ந்துவிட்ட சந்தோஷம் அந்தச் சிரிப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. நாத்தம் தாங்கலை. டிடெக்டிவ்னா குப்பை எல்லாம் பொறுக்குவாங்களா மேடம்?"

"கல்யாண விசாரணையில இதைவிட மோசமானதை எல்லாம் பொறுக்கியிருக்கோம்ண்ணே" என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டான் வீரணன். "அதுல வீடியோ எடுக்கற மாப்பிள்ளைங்கதான் முதல்ல வருவாங்க."

*

ரோட்டோர பேக்கரி. பெஞ்சின் மேல் பழைய பேப்பரை விரித்து, சாக்கை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார் தமிழ்மதி. இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தன. பேக்கரிக்காரர் பஃப்ஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"மேல இருக்கறது கடைசியாப் போட்டது. கீழ இருக்கறது முதல்ல போட்டது. சரியா?"

"சரிக்கா. பிணத்தை அறுக்கிற டாக்டர் மாதிரியே இருக்கீங்க."

கீழே கிடந்தவை வெள்ளைத் துணிகள். செம்மண் கறை மட்டும். அதற்கு மேலே கடுகு மஞ்சள் துண்டுகள். முதல் இரண்டு துண்டில் மண். மூன்றாவதில் இருந்து கரி. விரலால் தொட்டால் விரல் கறுத்தது. அதற்கு மேலே ஆலிவ் பச்சை, எல்லாமே கரி. எல்லாவற்றுக்கும் மேலே மங்கின ரோஸ் நிறத்தில் மூன்று துண்டு. அவற்றில் செம்மண் இருந்தது. கரி இல்லை. ஒரு துளி இல்லை.

வீரணன் ரோஸ் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஒருவேளை இது லேடீஸ் கலர்னு கரி கூச்சப்பட்டுக்கிட்டு வரலையோ?"

"யோசிச்சுப் பேசு."

"சரி, யோசிக்கிறேன். கரி வந்தா டிஸ்க் இருக்கு. கரி வரலைன்னா டிஸ்க் இல்லை. நான் முருகேஷ் டிஸ்க்கே மாட்டாம ஏமாத்தியிருப்பான்னு நெனச்சேன். ஆனா மஞ்சள்ல கரி இருக்கு, பச்சையில இருக்கு. மாட்டியிருக்கான். ரோஸ்ல இல்லை. அப்ப கழட்டியிருக்கான். இப்ப வண்டியில மறுபடி இருக்கு. மாட்டி, கழட்டி, மாட்டி… அவனுக்கென்ன பைத்தியமா?"

"எதுக்குக் கழட்டியிருப்பான்?"

"வேற வண்டியில மாட்டி எவனுக்காவது காட்டறதுக்கு. ஆக்சிடெண்ட் ஆனதும் பயந்துபோய்த் திரும்ப மாட்டிட்டான். திருட்டுப்பய. அக்கா, கேஸ் முடிஞ்சுருச்சு. பிரபாகர்கிட்டப் போய் முருகேஷைப் பிடிச்சுக் கொடுத்துருவோம்."

"ரோஸ் துணி எந்த நாளைக்குன்னு எப்படிச் சொல்லுவே? துணியில தேதியா போட்டிருக்கு? நேத்து யாரோ சாக்குல திணிச்சாங்கன்னு முருகேஷ் சொன்னா?"

"கட்டிங் மாஸ்டரைக் கேப்போம்."

"அவரைவிட நல்ல சாட்சி ஒருத்தர் இருக்கார்."

தமிழ்மதி செல்போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். இரண்டு நிமிஷம் பேசினார். திரும்பி வந்து ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"யாருக்குக்கா போன்?"

"கோயமுத்தூருக்கு. வண்டியை எடு, மணி நாலாச்சு."

*

"ரிப்போர்ட் ரெடிங்களா?"

"ரெடிதானுங்க. ஒரே ஒரு சந்தேகம். நான் துணியை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு. நீங்கதான் சொல்லோணும்."

தமிழ்மதி மூன்று துண்டுகளை மேஜையில் வைத்தார். கடுகு மஞ்சள், ஆலிவ், ரோஸ். கரிப் பக்கம் கீழே இருக்கும்படி மடித்து வைத்திருந்தார்.

திருப்பூர் முதலாளி முன்னால் துணியை வைத்துவிட்டு, அதைத் தொடாதே என்று சொன்னால்கூட அவர் தொடுவார். பிரபாகரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே நீண்டன. கண்ணை மூடித் தேய்த்தார்.

"இது மஸ்டர்டு. டென்மார்க் ஆர்டர். சிங்கிள் ஜெர்சி துணி, கனம் நூத்தி அறுபது ஜிஎஸ்எம். போன மாசம் எட்டாம் தேதி கட்டிங் ஆரம்பிச்சோம்."

"அப்பா!" என்றான் வீரணன். இந்த முறை நிஜமாகவே வியந்தான்.

"இது ஆலிவ். பிரான்ஸ்காரனோடது. இருபத்தி ரெண்டாம் தேதியில இருந்து போன சனிக்கிழமை வரைக்கும் ஓடுச்சு. இது…" ரோஸைத் தொட்டதும் முகம் மலர்ந்தது. "இது டஸ்டி ரோஸ். போலந்து. மூணு தடவை சாயம் சரியில்லைன்னு திருப்பி அடிச்சான். நாலாவது தடவைதான் ஓகே ஆச்சு. துணி சாயப்பட்டறையில இருந்து வந்ததே ஞாயித்துக்கிழமை ராத்திரி. திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு நானே பக்கத்துல நின்னு முதல் வெட்டு வெட்டினேன்."

"அதுக்கு முன்னாடி இந்தக் கலர்ல ஒரு துண்டு கம்பெனிக்குள்ள இருந்திருக்கலாங்களா?"

"ஒரு நூல்கூட இருந்திருக்காது."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"எழுதிக் கொடுக்கட்டுங்களா? இந்தக் கலரை நான் தூக்கத்துலகூடக் கண்டுபிடிப்பேன்."

"வேண்டாங்க. வீரணன் கேட்டுக்கிட்டான். இன்னொண்ணு. மத்தியானம் கோயமுத்தூருக்கு போன் பண்ணினேன். அசல் மாறாத கார்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்கன்னு கண்காட்சிக்காரங்ககிட்டக் கேட்டேன். வீலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்ப்பாங்களாமா. உங்க வண்டியில நாலு சக்கரத்துலயும் பழைய டிரம் இருந்ததாக் குறிச்சு வெச்சிருக்காங்க. டிஸ்க் இருந்தா கப்பு கிடையாதாம்."

வீரணனின் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. முருகேஷ் திருடன் இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி சொன்னதைச் செய்தவன்.

பிரபாகர் சமாளித்துக்கொண்டார்.

"ஆமா, கழட்டினோம். ஷோவுக்காக ஒரு நாள். எல்லாரும் பண்றதுதான். அதுக்கும் ஆக்சிடெண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஞாயித்துக்கிழமை சாயங்காலமே திரும்ப மாட்டியாச்சு. முருகேஷைக் கேளுங்க."

"அவரைக் கேக்க வேண்டியதில்லீங்க."

தமிழ்மதி மூன்று துணிகளையும் திருப்பினார். மஞ்சள் கறுப்பு. பச்சை கறுப்பு. ரோஸ், ரோஸாகவே இருந்தது.

"இதெல்லாம் சந்தனம் தினமும் முன்சக்கரம் துடைச்ச துணி. டிஸ்க் இருந்தாக் கரி பிடிக்கும், டிரம்முன்னாப் பிடிக்காது. நீங்க டிஸ்க் மாத்தின நாள்ல இருந்து கரி. திங்கள், செவ்வாய், புதன், மூணு நாளைக்கு மூணு ரோஸ் துணி. அதுல மண்ணு இருக்குது. கரி இல்லை. இந்தக் கலர் திங்கக்கிழமைக்கு முன்னாடி உலகத்துலயே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. டிஸ்க்கைத் திரும்ப மாட்டினது ஆக்சிடெண்டுக்கு அப்பறம்தானுங்க."

பிரபாகர் ரோஸ் துணியைப் பார்த்தார். போலந்துக்காரன் அந்தச் சாயத்தை நான்காவது தடவையும் திருப்பி அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியிருக்கும்.

"வெள்ளிக்கிழமை பத்திரிகையில இருந்து போட்டோ எடுக்க வர்றதா இருந்தாங்க" என்றார் மெதுவாக. "அவங்களும் வீலுக்குள்ள பார்ப்பாங்க. அது முடிஞ்சதும் மாட்டிக்கலாம்னு இருந்தேன். டவுனுக்குள்ள டிரம்மே போதுங்க. திங்கள், செவ்வாய், புதன் காலையிலகூட நானே அதுலதான வந்தேன்!"

"நீங்க தெரிஞ்சு வந்தீங்க. டிரைவர்கிட்ட எதுக்குச் சொல்லலை?"

"டிரைவர் ஒருத்தன்கிட்டச் சொன்னா எல்லா முதலாளி ஊட்டு டிரைவருக்கும் தெரிஞ்சுரும். கப்பு வாங்கின வண்டி மாசம் பூரா டிஸ்க்குல ஓடுச்சுன்னு ஊரே சிரிக்கும்."

"உங்க அத்தை மலைக்குப் போறது முன்னாடியே தெரியுங்களா?"

"…போன் பண்ணிச் சொன்னாங்க."

"அப்பவாவது சந்தனத்தைக் கூப்பிட்டு, 'இன்னைக்குக் கியர்ல இறக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மறந்துட்டேன்."

"மறக்கலீங்க. சொன்னா அவர் எதுக்குன்னு கேப்பாரு."

பிரபாகர் தண்ணீர் குடித்தார். பிறகு முதலாளியாக மாறினார்.

"சரிங்க, இப்படிப் பண்ணலாம். புகாரை நான் குடுக்கலை. ரிப்போர்ட்ல 'எதிர்பாராத பிரேக் பழுது'ன்னு ஒரு வரி போட்டுருங்க. அவனுக்கு கேட்டுல வாட்ச்மேன் வேலை தர்றேன். எல்லாருக்கும் நல்லது."

"பழுதுன்னா தானா ஆனதுங்க. இது கழட்டினது. அவர் டிரைவர், வாட்ச்மேன் இல்லை. குடிகாரரும் இல்லை."

"சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றான் வீரணன். "கம்பெனி யார் பேர்ல இருக்கு?"

"அத்தை பேர்ல. அதுக்கென்ன?" என்றார் பிரபாகர்.

"இல்ல, மாமியார் போற வண்டின்னு தெரிஞ்சே பிரேக்கைக் கழட்டி வெச்சிருந்தீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அவங்க அதை வேற மாதிரி எடுத்துக்குவாங்களோன்னுதான் கேட்டேன். காறை எலும்புதான் முறிஞ்சிருக்கு. வாய் நல்லாத்தானே இருக்கு?"

"என்ன எழுதோணும்?" என்றார் பிரபாகர். குரலில் இருந்த டிரம், டிஸ்க் எல்லாம் போய்விட்டிருந்தது.

"நடந்ததை எழுதுங்க. ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறதாச் சொன்னீங்கல்ல, அதே ஆறு மணிக்கே போகலாம். காகிதம்தான் வேற. அதுக்கு முன்னாடி அஞ்சு மணி டீ இருக்குதுங்களே, அப்ப செக்கிங் ஹால்ல ஒருக்கா படிச்சுருங்க."

"ஹால்லயா? அத்தனை பேர் முன்னாடியா?"

"அவர் குடிச்சார்னு அத்தனை பேர் முன்னாடிதானுங்க சொன்னீங்க."

*

ஐந்து மணிக்கு மெஷின்கள் நின்றன. செக்கிங் ஹாலில் ட்யூப் லைட்டுகளுக்குக் கீழே எண்பது பேர் பேப்பர் கப்போடு நின்றார்கள். முதலாளி வந்திருக்கிறார் என்றதும் செல்போன்கள் பாக்கெட்டுக்குள் போயின. போனஸோ, ஞாயிற்றுக்கிழமை வேலையோ என்று ஆளுக்கு ஒன்று நினைத்தார்கள். அன்புசெல்வி கடைசி டேபிளில், நூல் வெட்டும் சின்னக் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் கப் இல்லை.

பிரபாகர் தாளை விரித்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, வேகமாக, தாளுக்கு மட்டும் கேட்கும் குரலில் படித்தார்.

"கடந்த புதன்கிழமை விபத்து நடந்தபோது என் டிரைவர் சந்தனம் குடித்திருக்கவில்லை. வண்டியின் டிஸ்க் பிரேக்கைக் கண்காட்சிப் பரிசுக்காக நான் கழற்றி, பழைய டிரம் பிரேக்கை மாட்டச் சொன்னேன். அதை அவரிடம் சொல்லவில்லை. பெடல் சரியில்லை என்று அவர் இரண்டு நாள் முன்பே சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அவர் வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை."

படித்து முடித்து, மடித்து, பாக்கெட்டில் வைத்தார். பீகார் பையன்கள் நாலு பேர் பக்கத்தில் இருந்தவனிடம் என்ன என்று கேட்டார்கள். அவன் இந்தியில் சொல்லத் தொடங்கினான். அவன் முதலாளியைவிடச் சத்தமாகச் சொன்னான். 'என்ன பிராண்டு' கேட்ட இரண்டு பெண்கள் தங்கள் டீயை மிகக் கவனமாகப் பார்த்தார்கள்.

பிரபாகர் கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"கேக்கலீங்க சார்."

ஹாலின் கடைசியில் இருந்து வந்த குரல். அன்புசெல்வி கத்திரியை டேபிளில் வைத்துவிட்டு நின்றாள்.

"என்னம்மா?"

"பின்னாடி கேக்கலீங்க."

"எது கேக்கலை?"

"முதல் வரிங்க சார். அதுல இருந்து படிங்க."

பிரபாகர் தமிழ்மதியைப் பார்த்தார். தமிழ்மதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிரபாகர் பாக்கெட்டில் கைவிட்டுத் தாளை எடுத்து, பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இந்த முறை கடைசி டேபிள் வரைக்கும் கேட்டது.